முதல் வீடும் நிலைத்த மதிப்பும்: விருதுநகர்ச் சீமையை முன்வைத்து ஒரு பரிசீலனை

ஒரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் திரட்டி, போதாததற்குக் கடனும் பட்டு வாங்குகிற முதல் வீடு, இருபது முப்பது ஆண்டுகள் சென்ற பின் அக்குடும்பத்துக்கு என்ன மதிப்புடையதாக இருக்கும்? இந்தக் கேள்வி புதிதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மனை விற்பனையைத் தனி விஷயமாக எடுத்துக்கொண்டு, முதலில் உறவினர், அவர்களுக்குப் பின் அண்டை அயலார், அதன் பிறகு கடன் கொடுத்தவர் என்ற வரிசையில் வாங்கும் உரிமையை வகுத்திருக்கிறது. ஒரு மனையின் மதிப்பில் அதன் அருகே குடியிருப்போரும் அடங்குவர் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையாக இருந்ததாகக் கொள்ளலாம். மனையடி சாஸ்திரம் அதே கேள்விக்கு அடிக்கணக்கிலும் திசையிலும் விடை தேடிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொருளாதார நூலோர் நிலவாரத் தத்துவத்தைக் கொண்டு விளக்கினர். நம் காலத்திலோ, வீடு வாங்குவதைப் போல் உத்தமமான முதலீடு வேறில்லை என்று மனைத் தரகர்களும், வாடகையில் இருந்துகொண்டு பணத்தை வேறிடத்தில் பெருக்குவதே விவேகம் என்று நிதி ஆலோசகர்களும் ஒரே அளவு நிச்சயத்தோடு கூறி வருகிறார்கள்.

இவ்விடைகளுள் பெரும்பாலானவை பெருநகரங்களைப் பார்த்து எழுந்தவை. மழை குறைந்த கரிசல் பூமியில், பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் பஞ்சாலையும் பருப்பு, வற்றல், எண்ணெய் வியாபாரமும் ஜீவனாதாரமாக அமைந்த விருதுநகர் மாவட்டத்துக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்க விஷயம். இந்தக் கேள்விக்கு இதுவரை கூறப்பட்ட முக்கியமான விடைகளை எடுத்துக்கொண்டு, அவை எங்கிருந்து பிறந்தன, எவ்விடத்தில் பலவீனப்படுகின்றன என்பதை இந்தச் சீமையின் நிலைமைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

சந்தைக்கு முந்திய மதிப்பு

விருதுபட்டி என்ற பெயர் விருதுநகர் என மாறியது 1923-இல். அதற்கு வெகுகாலம் முன்பே, சிவகாசி, சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகியவற்றோடு சேர்ந்து இவ்வூரும் நாடார் வணிகர்களின் பேட்டைகளுள் ஒன்றாக விளங்கிற்று. வண்டிகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கென்று ஏற்பட்ட இடங்கள் அவை. அவற்றைச் சுற்றியே தெருக்கள் தோன்றின. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வசூலித்த மகமைப் பணத்தைக் கொண்டு உறவின்முறையார் கிணறு வெட்டினர், கோயில் எடுத்தனர், பள்ளிக்கூடம் நடத்தினர். அத்தகைய தெருவில் ஒரு வீடு என்றால் அது கல்லும் காரையும் மட்டும் அன்று. தண்ணீருக்கும் கல்விக்கும் கடனுக்கும் பாதுகாப்புக்கும் உரிய பங்கு அந்த வீட்டோடு சேர்ந்தே வந்தது. 1899-இல் சிவகாசி, நாடார்களுக்கு எதிராகத் திரண்ட கலகக்காரர்களின் தாக்குதலுக்கு உள்ளான பிறகு, நெருக்கமாக, தம்மவரோடு சேர்ந்து குடியிருப்பதன் அவசியம் இம்மக்களுக்கு இன்னும் தீவிரமாக உறைத்திருக்க வேண்டும்.

வீட்டின் மதிப்பு அதைச் சூழ்ந்த சமூகத்தில் இருக்கிறது என்ற இந்தப் பழைய விடையை இன்று பொருளாதார நூல்கள் வேறு பெயர்களால் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அதன் குறையும் அப்போதே தெரிந்ததுதான். உள்ளே இருப்பவர்க்கு எவ்வளவு அநுகூலமோ, அவ்வளவுக்கு வெளியே இருப்பவர்க்கு அடைபட்ட கதவு அது. ஒரே சமூகத்தார்தான் வாங்கலாம் என்ற கட்டு இருக்கும் தெருவில் வாங்குவோர் தொகை குறுகிவிடுவதால், நல்ல வீடும் விற்க வேண்டிய காலத்தில் நியாயமான விலை பெறுவதில்லை. பொதுக் கிணறும் மகமைப் பள்ளியும் செய்த காரியங்களுள் பலவற்றை இன்று நகராட்சியும் அரசும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த விடையின் பாதி இன்றும் உண்மை. மற்றப் பாதியை இன்றைய நியாய உணர்ச்சி ஒப்பாது.

நிலம் ஏறும், சுவர் தேயும்

இன்று மிகப் பரவலாக நிலவும் அபிப்பிராயம், நிலத்தின் விலை ஒருநாளும் இறங்காது என்பது. இதன் மூலத்தைத் தேடினால் 1817-இல் ரிக்கார்டோ வகுத்த நிலவாரக் கொள்கைக்கும், சந்தைக்கு அருகாமையே நிலத்தின் மதிப்பை நிர்ணயிக்கிறது என்று 1826-இல் ஃபான் தூனன் காட்டிய கணக்குக்கும் போய்ச் சேருவோம். 1879-இல் ஹென்றி ஜார்ஜ், நிலத்தின் விலை உயர்வு உரிமையாளரின் உழைப்பால் விளைவதன்று, சமூகம் முழுவதின் முயற்சியால் விளைவது என்று வாதித்து, அதன் மேல் வரி விதிக்க வேண்டுமென்றார். வரியைப் பற்றிய அவர் யோசனையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். மனையின் மதிப்பு உரிமையாளர் செய்வதைவிட ஊர் செய்வதைப் பொறுத்தது என்ற அடிப்படை மட்டும் இன்றுவரை அசைக்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் இதற்கு ஆதாரமும் கிடைத்திருக்கிறது. நோல், ஷூலாரிக், ஸ்டேகர் என்னும் மூவர் பதினான்கு முன்னேறிய நாடுகளின் வீட்டு விலைகளை 1870 முதல் 2012 வரை தொகுத்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டு விலை பெரிதாக உயரவில்லை என்றும், அதன் பின் ஏற்பட்ட உயர்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு நிலத்தின் விலையால் வந்தது என்றும் கூறுகிறது. கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது. அதன் கீழிருக்கும் நிலமே ஏறுகிறது. தனி வீட்டை விட்டு, அடுக்குமாடியில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கை மட்டும் பெறுகிறவர் இதைச் சிந்திப்பது நலம்.

ஆயினும் இந்தக் கட்சிக்கு எதிரான சான்றும் வன்மையானதே. ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாய்க்கரை வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை ஆராய்ந்த ஐக்ஹோல்ட்ஸ், அந்த நீண்ட காலத்தில் அவற்றின் உண்மை மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆயிற்று என்று கண்டார். உலகின் செல்வம் மிக்க துறைமுக நகரங்களுள் ஒன்றில், அதன் மிகச் சிறந்த தெருவில் கிடைத்த பலன் இது. விலை ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் இருபது ஆண்டில் வீடு 2.65 மடங்கு விலை பெறும். ஆனால் அரிசியும் சிமெண்டும் கூலியும் அதே வேகத்தில் ஏறியிருக்குமானால், உண்மையில் ஒன்றும் ஏறவில்லை. இந்த எளிய கணக்கைப் போடாமல், தாத்தா ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய மனை இன்று லட்சக்கணக்கில் போகிறது என்று பெருமைப்படுவது நம் நாட்டில் சர்வசாதாரணம்.

வாங்கும் செலவும் உண்டு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2017-இல் 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 2023 ஜூலையில் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வாங்கிய அன்றே நூற்றுக்கு ஒன்பது கரைகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கி தரலாம். ஆனால் மிகச் சிறிய விலையுள்ள வீடுகள் நீங்கலாக, இந்தக் கட்டணங்களை அம்மதிப்பில் சேர்க்கக்கூடாதாகையால், கைப்பணம் நினைத்ததைவிட அதிகம் வேண்டியிருக்கிறது. 30 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுகளில் அடைப்பவர் மாதம் சுமார் 27,000 ரூபாய் வீதம், மொத்தம் 65 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலுத்துகிறார். மதிப்பு உயரும் என்போர் இந்த வட்டியைக் கணக்கில் சேர்ப்பது அபூர்வம்.

நிலம் ஏறும் என்ற நம்பிக்கை இந்த மாவட்டத்தில் எடுக்கும் உருவத்தை மதுரை – கன்னியாகுமரி நாற்கரச் சாலையின் இருமருங்கிலும் காணலாம்: சீமைக் கருவேலத்தைச் சீய்த்து, கல் நட்டு, வண்ணம் பூசிய வளைவு வைத்து, வீடு ஒன்றுகூட எழும்பாமல் கிடக்கும் பிளாட்டுகள். விருதுநகர் மாவட்டத் தலைநகரான 1985 முதல், மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட 2022, இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமையுமென்று அறிவிக்கப்பட்ட 2023 வரை, ஒவ்வோர் அறிவிப்பையும் காட்டி மனை விற்கப்படுகிறது. அறிவிப்பு வந்தவுடன் அதன் பலன் விலையில் ஏறிவிடுவதால், பின்னால் வாங்குகிற முதல் வீட்டுக்காரர் எதிர்காலத்தின் விலையை இன்றே கொடுத்துவிட்டு, அந்த எதிர்காலம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டியவராகிறார்.

வாடகைக் கட்சியின் நியாயம்

இதற்கு நேர் எதிரான கட்சி, வீடு என்பது உபயோகத்துக்குரிய பண்டம், முதலீடு அன்று என்கிறது. அமெரிக்க வீட்டு விலைகளை 1890 முதல் தொகுத்த ராபர்ட் ஷில்லரின் அட்டவணை, ஒரு நூற்றாண்டுக் காலம் அவை பணவீக்கத்தை மிகச் சொற்பமாகவே மிஞ்சின என்று காட்டியது. சொந்த வீட்டுக்காரர் வேலை தேடிப் பிற ஊர் போகத் தயங்குவதால் வேலையின்மை மிகுகிறது என்று ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் 1990-களில் ஓர் ஊகத்தை முன்வைத்தார். அதை ஆதரித்தும் மறுத்தும் ஆராய்ச்சிகள் வந்துள்ளன, முடிவு ஏற்படவில்லை. நம் நாட்டில் வீட்டு வாடகை ஆண்டுக்கு வீட்டு விலையில் இரண்டு மூன்று விழுக்காட்டைத் தாண்டுவது பொதுவாக அரிது. கடன் வட்டியோ அதைப் போல் மூன்று நான்கு மடங்கு. ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017-இல் அளித்த அறிக்கைப்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 விழுக்காடு வீடு, நிலம் முதலிய ஸ்தூலப் பொருள்களிலும் 11 விழுக்காடு தங்கத்திலும் முடங்கியிருக்க, எஞ்சிய 5 விழுக்காடே நிதிச் சேமிப்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை இதிலிருந்து நியாயமாகவே எழுகிறது.

விருதுநகர் ஈன்ற மாபெருந் தலைவர் காமராஜர், ஒன்பதாண்டு முதலமைச்சராக இருந்தும், சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டிலேயே 1975 அக்டோபர் 2 அன்று காலமானார். வாடகை வாழ்வில் இழிவொன்றுமில்லை என்பதற்கு இதைக் காட்டுவோர் உண்டு. காட்டுவது சரியே, ஆனால் அவர் குடும்பப் பாரமற்ற பொதுவாழ்வினர் என்பதையும், அவர் அன்னையார் கடைசிவரை விருதுநகரிலிருந்த சிறிய சொந்த வீட்டிலேயே வாழ்ந்தார் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். அவ்வீடு இன்று நினைவில்லம்.

வாடகைக் கட்சியின் கணக்கு, மிச்சப்படும் பணம் தவறாமல் சேமிக்கப்படும் என்ற அநுமானத்தின் மேல் நிற்கிறது. வாரக்கூலியில் வாழும் குடும்பத்தில், மருத்துவச் செலவும் சடங்குச் செலவும் சேமிப்பை விழுங்கிவிட, தவணை என்ற கட்டாயம் ஒன்றே எதையாவது மிச்சம் வைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஓய்வூதியம் இல்லாத தொழிலாளிக்கு முதுமையில் வாடகை கொடுக்க வேண்டாம் என்பதே பெரிய ஓய்வூதியம். மேலும், வாடகை வீடு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. சாதியும் சமயமும் கேட்டு, கேட்ட பின் கதவைச் சாத்தும் வழக்கம் மறையாதவரை, சொந்த வீட்டை வெறும் லாபநஷ்டக் கணக்கால் அளப்பது அநீதியாகும்.

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே தென் மாவட்டங்களில் ஒத்தி என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது வழக்கம். முதல் வீட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர் ஓர் ஊரை, ஒரு தெருவை, கோடையில் அதன் தண்ணீர் நிலைமையை, வாங்காமலே வாழ்ந்து பரீட்சிப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் விடுவதும், அவ்வீடு முன்பே வங்கியில் அடமானமாக இருப்பதும், ஒத்திப் பணத்தைத் திருப்பித்தர உரிமையாளர் இன்னோர் ஒத்திக்காரரைத் தேடிக்கொண்டிருப்பதும் இதன் அபாயங்கள்.

மண்ணும் தண்ணீரும்

நூல்களில் இடம் என்றால் சந்தைக்கும் சாலைக்கும் உள்ள தூரம். 1964-இல் வில்லியம் அலோன்சோ நகர நிலத்துக்கு அமைத்த கோட்பாடும் அவ்வாறே. இந்தச் சீமையில் அந்தத் தூரத்துக்குமுன் வேறிரண்டு விஷயங்கள் விசாரிக்கப்பட வேண்டியவை. அவற்றைக் குறித்து ஆலோசனை நூல்கள் அநேகமாக மௌனம் சாதிக்கின்றன.

முதலாவது, கரிசல். பருத்திக்கும் கம்புக்கும் உயிர் கொடுக்கும் இம்மண், வீட்டுக்குச் சோதனை வைக்கும் மண். மழையில் ஈரத்தை உறிஞ்சிப் பருத்தும், கோடையில் உலர்ந்து ஆள் கைநுழையும் அளவு வெடித்தும், ஆண்டுதோறும் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும் அதன் மேல், செம்மண் பூமியில் போடுவது போல் மூன்றடி வானம் தோண்டிக் கடைக்கால் போட்டால், சில வருஷங்களில் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடத் தொடங்கும். கரிசல் பருவந்தோறும் அசையும் ஆழத்துக்குக் கீழே நிலையான அடுக்கில் கால் ஊன்றி, அடிப்பகுதி குடைபோல் விரிந்த சிறு தூண்களின் மேல் உத்தரம் ஓட்டி வீடு கட்டும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. இந்தியத் தரநிர்ணயமும் அதை ஏற்றிருக்கிறது. செலவைக் கருதி அதைத் தவிர்த்து, கிராவல் அடித்து மேடாக்கி, மேலே அழகாகப் பூசி விற்கப்படும் வீட்டில், மதிப்பு தரைக்கு அடியிலிருந்தே குறையத் தொடங்குகிறது. புதிதாகக் கட்டி விற்கிற வீட்டை மழைக்கு முன்னும் பின்னும் இருமுறை பார்ப்பதும், அதே தெருவில் பத்தாண்டு ஆன வீடுகளின் சுவர்களைப் பார்ப்பதும், எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்க சாட்சியம்.

இரண்டாவது, தண்ணீர். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. விருதுநகர் ஆனைக்குட்டத்தையும் சிவகாசி வெம்பக்கோட்டையையும் நம்பியிருப்பதோடு, அண்டை மாவட்டத்துத் தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியாக நீர் கொண்டுவர வேண்டியிருப்பது இப்பிரதேசத்தின் நிலைமையைத் தெளிவாக உணர்த்துகிறது. குழாய் வந்த தெருவுக்கும் வராத தெருவுக்கும், குழாய் வந்து வாரமொருமுறை நீர் வரும் தெருவுக்கும், போர் போட்டால் குடிக்கத்தக்க நீர் கிடைக்கும் இடத்துக்கும் உப்பு நீர் மட்டும் கிடைக்கும் இடத்துக்கும் இடையே, காகிதத்தில், அதாவது அரசு பதிவுக்கென நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பில், வித்தியாசம் இல்லாமலிருக்கலாம். குடியிருப்போர் வாழ்வில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லாரித் தண்ணீருக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகை, அந்த வீட்டின் மேல் தீராத இரண்டாவது வட்டி. மேற்கே மலையடிவாரத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கங்களுக்கு இந்தச் சிரமம் குறைவு என்பதும், அதனால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே விதி சொல்ல முடியாது என்பதும் உண்மை.

வறட்சியை மட்டும் எண்ணி வெள்ளத்தை மறப்பதும் தவறு. 2023 டிசம்பரில் அண்டையிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை குறைந்த நாட்டில் கண்மாய்க்கு நீர் வரும் ஓடைகள் பல ஆண்டுகள் உலர்ந்தே கிடப்பதால், அவை ஓடைகள் என்பதையே மக்கள் மறந்து மனை போட்டுவிடுகிறார்கள். வருவாய்த்துறையின் புலப்படத்தில் ஓடை ஓடையாகவே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வாங்க ஒரு நாள் போதும்.

பட்டாசு ஊர்களின் தனிச் சிக்கல்

ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய 1920-களின் தொடக்கத்திலிருந்து, சிவகாசியின் வரலாறு வேளாண்மை கைவிட்ட மண்ணில் தொழிலால் எழுந்த ஊரின் வரலாறு. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும், பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளை முன்னிட்டு அச்சுத் தொழிலும் வளர்ந்தன. 2021-இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சியாயிற்று. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இங்கேதான் உற்பத்தியாகிறது. இங்கே முதல் வீடு வாங்குபவருக்கு வேறு ஊர்களில் எழாத இரு கேள்விகள் எழுகின்றன.

ஒன்று, ஆபத்துக்கு அருகாமை. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், வைத்திருக்கும் பொருளின் வகைக்கும் எடைக்கும் ஏற்ப, உரிமம் பெற்ற ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே விடவேண்டிய தூரத்தை வகுத்திருக்கின்றன. ஆலை முன்பே இருக்க வீடுகள் பின்னர் அதை நோக்கி ஊர்ந்து வருவதும், உரிமமற்ற இடங்களில் மருந்து கலப்பதும் பட்டாசு கட்டுவதும் வீடுகளின் நடுவிலேயே நடப்பதும் இந்த ஏற்பாட்டைக் குலைக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டபோது, வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த சுற்றுப்புறத்தாரும் இறந்தோரில் பலர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை நினைவிலிருக்கும் பெரும் விபத்துகள் மட்டுமே. மனையின் விலை சற்றுக் குறைவு என்பதற்காக ஆலைச் சுற்றுவட்டத்தில் பிள்ளைகளோடு குடியேறுவதை எந்த லாபக் கணக்கும் நியாயப்படுத்தாது என்பதே இக்கட்டுரையாளனின் திடமான அபிப்பிராயம்.

மற்றது நுட்பமானது, ஆலோசனை கூறுவோர் அநேகமாகத் தொடாதது. பட்டாசால் கூலி பெறுபவர் பட்டாசு ஊரிலேயே வீடு வாங்கினால், அவருடைய சம்பளமும் சொத்தும் ஒரே திரியில் கட்டப்பட்டவையாகிவிடுகின்றன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி வழங்கியதை அடுத்து, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அத்தகைய காலத்தில் தவணை கட்ட முடியாதவர் வீட்டை விற்க நினைப்பார். அதே காரணத்தால் அவ்வூரில் வாங்குவோர் இருக்கமாட்டார். வாடகைக்கு வருவோரும் குறைவர். அரசு ஊழியருக்கோ ஆசிரியருக்கோ இந்த அபாயம் பாதியாகிறது, ஏனெனில் அவர் சம்பளம் வேறிடத்திலிருந்து வருகிறது. ஒரே தெருவில் ஒரே விலைக்கு வாங்கிய இரு வீடுகள், வாங்கியவரின் பிழைப்பைப் பொறுத்து வெவ்வேறு மதிப்புடையனவாகின்றன. இங்கே வாங்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டுவதில்லை. தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கும் அச்சுக்கும் மாறிக்கொண்ட ஊர் சிவகாசி. மீண்டும் மாறிக்கொள்ளாது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் பட்டாசுத் தொழிலாளி கடன் தொகையைச் சிறிதாக வைத்துக்கொள்வதும், ஆறு மாதத் தவணைக்குரிய பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதும், ஆடம்பர யோசனைகள் அல்ல. வீட்டைக் காக்கும் கூரை போன்றவை.

பத்திரத்தின் பலம்

நீண்டகால மதிப்பைப் பற்றிய விவாதங்களில் வழக்கறிஞர்கள் வைக்கும் கட்சி எளியது: உரிமை சுத்தமில்லாத சொத்துக்கு மதிப்பே இல்லை. ஏழை நாடுகளில் சொத்து இருந்தும் மூலதனமாக மாறாததற்கு ஆவணக் குறைவே காரணம் என்று பெரு நாட்டு ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000-இல் எழுதிய நூல் இந்தக் கட்சிக்கு உலகப் புகழ் தந்தது. நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரமே. விற்றவருக்கு உரிமை உண்டு என்று அரசு உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆகவே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவை ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். குடும்பத்தில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமோ, பதிவாகாத ஒத்தியோ தெரியாது. 1892-க்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும் கோயில் நிலத்தையும் அறியாமல் வாங்கியவர்களின் வழக்குகள் நீண்டுகொண்டே போகின்றன. பஞ்சமி நிலத்தைப் பொறுத்தவரை, ஏமாந்தவர் வாங்கியவர் மட்டுமல்லர். அதற்குரியவர்களே முதலில் இழந்தவர்கள்.

அங்கீகாரமற்ற மனைகளின் கதை சமீபத்தியது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவைத் தடுத்தது. 2017 மே மாதத்தில் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்டவற்றுக்கு வழி திறந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டரையோ எட்டு வீடுகளையோ தாண்டும் திட்டங்கள் பதிவு பெற வேண்டுமென்கிறது. சிறிய ஊர்களில் இரண்டு மூன்று வீடுகளாகக் கட்டி விற்போர் இந்த எல்லைக்குள் வராமல் தப்பிவிடுவதால், விருதுநகர், சாத்தூர் போன்ற இடங்களில் முதல் வீடு வாங்குவோருக்குச் சட்டத்தின் நிழல் அவ்வளவாக எட்டவில்லை. இந்தக் கட்சியின் குறை, சுத்தமான பத்திரம் மதிப்பைக் காக்குமே தவிர உண்டாக்காது என்பதுதான். தண்ணீரில்லாத மனைக்கு எவ்வளவு நேர்த்தியான பத்திரம் இருந்தும் குடிவருவார் இல்லை.

தீராதிருப்பவை

மேற்கண்ட கட்சிகளுள் ஒன்று முழுவதும் வென்றுவிட்டதாகச் சொல்ல இயலாது. நிலமே ஏறுகிறது என்பது பொதுவில் நிலைநாட்டப்பட்டிருக்கிறது. எந்த நிலம் என்பது நிலைநாட்டப்படவில்லை. வாடகையே லாபம் என்பது கணக்கில் பல சமயம் சரியாயினும், முதுமையையும் சமூக அநீதியையும் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தச் சீமையைப் பொறுத்தவரை, நீர் வரத்து உறுதியான, அடித்தளம் கரிசலுக்கேற்ப அமைந்த, ஆலைகளுக்கு விலகிய, பள்ளிக்கும் பேருந்துக்கும் நடந்து போகத்தக்க பழைய தெருவிலுள்ள சிறு வீடு, நாற்கரச் சாலையோரத்துப் பெரிய மனையைவிட நெடுநாள் மதிப்பைக் காக்கும் என்று கருத இடமிருக்கிறது. ஜவுளிப் பூங்கா முழுமையாக இயங்கி, பட்டாசைச் சாராத வேலைகளைப் போதிய அளவு தந்தால், அந்த மதிப்பீடும் மாறலாம்.

இதை ஊகம் என்ற அளவில்தான் கூற முடிகிறது, ஏனெனில் தேசிய வீட்டுவசதி வங்கி வெளியிடும் வீட்டு விலைக் குறியீடு ஐம்பது நகரங்களையே அளக்கிறது. விருதுநகரும் சிவகாசியும் அவற்றில் இல்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு, 2017-இல் ஒரே உத்தரவில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டு 2023-இல் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டதிலிருந்தே, அது சந்தை விலையின் பிரதிபிம்பம் அன்று என்பது விளங்கும். ஆனால் ஒவ்வொரு கிரயமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியே இருக்கிறது. வாங்கினோர், விற்றோர் பெயர்களை நீக்கி, தெருவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் அக்கிரயங்களைத் தொகுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு பதிவுத்துறையை இம்மாவட்டத்து வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.